வீட்டில் என்ஜின் ஆயிலைச் சூடாக்கி ஆவி இழப்பு அளப்பது: இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

பிப்ரவரி 3, காலை (கேள்வி கேட்டவர்)

இரண்டு கம்பெனி 5டபிள்யூ-30 ஆயில் வாங்கினேன். இரண்டிலும் கொஞ்சம் எடுத்து ஒரே மாதிரி ஸ்டீல் டம்ளரில் ஊற்றி, மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மின் அடுப்பில் வைத்து நன்றாகப் புகை வரும்வரை காய்ச்சினேன். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒன்று கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கிறது, இன்னொன்று அவ்வளவு இறங்கவில்லை. இறங்கிய ஆயிலின் டேட்டா ஷீட்டில் நோவாக் (ஆவி இழப்பு) 9 சதவீதம் என்று போட்டிருக்கிறான். எனக்குக் கண்ணால் பார்த்தாலே 20 போலத் தெரிகிறது. கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான் என்பதுதான் என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 3, மதியம் (பதில் எழுதுபவர், இனி முழுக்க)

மறுக்கிறேன். ஆயில் எத்தனை டிகிரியில் இருந்தது? எடை போட்டீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் 9 சரியா 20 சரியா என்று பேசுவதில் பயன் இல்லை.

கோடு போட்டு அளப்பதை முதலில் விடுங்கள். ஆயில் சூட்டில் உப்பும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் என்று வைத்தால் 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குப் போவதற்குள் கன அளவு 15 சதவீதம் ஏறிவிடும். நீங்கள் தேடும் இழப்பே அந்த அளவுதான். இறக்கி வைத்து எவ்வளவு நேரம் கழித்துக் கோட்டைப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு டம்ளரை முதலில் இறக்கி மற்றதைப் பத்து நிமிடம் கழித்து இறக்கியிருந்தால், ஒரே டப்பாவிலிருந்து ஊற்றிய ஆயில்கூட இரண்டு கம்பெனி ஆயில் போலத்தான் தெரியும்.

பிப்ரவரி 3, இரவு

புகை வரும்வரை காய்ச்சினேன் என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். தயவுசெய்து வீட்டுக்குள் இதைத் திரும்பச் செய்யாதீர்கள். சாதாரண கார் ஆயிலின் ஃப்ளாஷ் பாயிண்ட் பெரும்பாலும் 215 முதல் 240 டிகிரிக்குள் இருக்கும். நோவாக் சோதனை நடப்பது 250-இல். அதாவது பக்கத்தில் ஒரு சிறு தீப்பொறி இருந்தால் மேலே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும் நிலையில்தான் ஆயில் இருக்கிறது. கேஸ் அடுப்பில் இதைச் செய்வதாக ஒருவர் தனிச் செய்தியில் சொன்னார். அவருக்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது.

திறந்த வெளி, தீ மூட்டாத சூடாக்கி, டப்பாவை மூடப் பொருத்தமான இரும்பு மூடி, கைக்கெட்டும் தூரத்தில் உலர் பொடி தீயணைப்பான். தண்ணீர் மட்டும் வேண்டாம், சூடான ஆயிலில் தண்ணீர் விழுந்தால் அது அடியில் போய்க் கொதித்து எண்ணெயை மேலே தூக்கி எறியும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. ஒருமுறை இதற்குப் போனது இதற்கே போனதுதான்.

பிப்ரவரி 4

நோவாக் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

1930களில் ஜெர்மனியில் குர்ட் நோவாக் என்பவர் வகுத்த முறை. 65 கிராம் ஆயிலை ஒரு மூடிய கிண்ணத்தில் எடுத்து, 250 டிகிரியில், ஒரு மணி நேரம் வைத்து, கிண்ணத்துக்குள் காற்றை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள். உறிஞ்சும் அழுத்தம் 20 மில்லிமீட்டர் நீர் உயரம். முடிந்ததும் ஆறவைத்து எடை. குறைந்த எடை முதல் எடையில் எத்தனை சதவீதமோ அதுதான் அந்த எண். ஏஎஸ்டிஎம் டி5800 என்று ஷீட்டில் பார்ப்பீர்கள், ஐரோப்பிய ஷீட் என்றால் சிஇசி எல்-40 என்று இருக்கும்.

வரம்புகளும் இருக்கின்றன. 1990களில் ஐஎல்எஸ்ஏசி (கார் ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) வைத்த ஜிஎஃப்-2 தரத்தின் காலத்தில் 22 சதவீதம் வரை ஒத்துக்கொண்டார்கள். 2001-இல் வந்த ஜிஎஃப்-3 அதை 15 ஆக இறக்கியது, அதற்கப்புறம் ஜிஎஃப்-6 வரை 15-தான். ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர்கள் வகுத்த ஏசிஇஏ வகைகளில் பெரும்பாலும் 13, சி4 மட்டும் 11. டீசல் லாரிகளுக்கான சிகே-4-க்கு 13.

மேலே சொன்னதில் எல்லோரும் 250-ஐயும் ஒரு மணியையும் பிடித்துக்கொள்வார்கள், காற்று உறிஞ்சுவதை விட்டுவிடுவார்கள். ஆயிலுக்கு மேலே நிற்கும் ஆவியை யாராவது அகற்றிக்கொண்டே இருந்தால்தான் அடுத்தது கிளம்பும். காற்று அசையாத ஓவனில் ஒரு எண் வரும், மின்விசிறி ஓடும் ஓவனில் வேறு எண் வரும். இரண்டுமே நோவாக் இல்லை.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

கிண்ணத்தின் வாய் அகலமும் அப்படித்தான். ஈரத்துணியை விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும், சுருட்டிப் போட்டால் அடுத்த நாளும் ஈரம் இருக்கும். 20 கிராம் ஆயிலை அகலத் தட்டில் ஊற்றினால் வருவதும் ஒடுக்கமான டம்ளரில் ஊற்றினால் வருவதும் ஒப்பிடவே முடியாதவை.

பிப்ரவரி 6

என் ஏற்பாட்டைக் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கிப் போட வைத்திருந்த சிறிய மின் ஓவன், கொட்டகைக்கு வெளியே. உள்ளே தடித்த அலுமினியத் தகடு ஒன்று, சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பரவ. அதன்மேல் ஒரே அச்சில் வந்த அலுமினியக் கப்புகள், ஒவ்வொன்றிலும் 20 கிராம் ஆயில். 0.01 கிராம் காட்டும் தராசு. சூடு அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் கம்பி இரண்டு, ஒன்றின் முனை ஆயிலுக்குள், ஒன்று தகட்டின்மேல்.

இந்தக் கம்பியைப் போட்ட அன்றுதான் ஓவனின் திருகு எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தது. திருகு 250 என்கிறது. தகடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஓவனின் தெர்மோஸ்டாட் டக் என்று விழுந்ததும் சூடு நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஏறிப் பிறகுதான் இறங்கும். ஆயிலோ இரண்டுக்கும் பின்னால், தன் வேகத்தில், மெதுவாக. ஓவன் சூடான நேரத்திலிருந்து மணி எண்ணினால் ஆயில் பாதி நேரம் 250-ஐப் பார்த்தே இருக்காது.

திருகை நம்பாமல் சூட்டைச் சீராகப் பிடித்து வைக்கும் பிஐடி கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தனியாக மாட்டினேன். அதற்கப்புறம்தான் ஆட்டம் அடங்கியது.

பிப்ரவரி 6, இரவு

சூட்டோடு எடை போடாதீர்கள். சூடான கப்பைத் தராசில் வைத்தால் அதைச் சுற்றிக் காற்று மேலே கிளம்பும், அது கப்பையும் தட்டையும் லேசாகத் தூக்கும், எண் நிற்காமல் ஆடும், எடை குறைத்துக் காட்டும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

பிப்ரவரி 9

சிலர் "பத்து டிகிரி முன்னே பின்னே இருந்தால் என்ன" என்கிறார்கள். அந்தப் பத்து டிகிரியில்தான் எல்லாம் இருக்கிறது. என்ஜின் ஆயிலில் உள்ள கனமான ஹைட்ரோகார்பன்களுக்கு 250 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 240-இல் இருக்கும் கப்புக்கும் 260-இல் இருக்கும் கப்புக்கும் ஆவியாகும் வேகத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். ஓவனின் பின் மூலையும் கதவோரமும் சாதாரணமாகவே அந்த அளவு வேறுபடும். கேள்வி கேட்டவர் அடுப்பில் இரண்டு டம்ளர் வைத்தாரே, ஒன்று சுருளுக்கு நேர் மேலே, மற்றது ஓரத்தில் இருந்திருக்கும். கம்பெனிக்காரனைத் திட்டும் முன் டம்ளர்களை இடம் மாற்றிப் பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 9, இன்னொன்று

"அப்படியானால் வீட்டுச் சோதனையே வீண்தானே?" வீண் இல்லை. எண்ணுக்குத்தான் மதிப்பு இல்லை, வரிசைக்கு உண்டு. நோவாக் எண் நம்பகமாகத் தெரிந்த ஆயில் ஒன்றைக் கூடவே வையுங்கள். ஒரே ஓவன், ஒரே நேரம், ஒரே கப்பு. முடிந்தால் அந்தத் தெரிந்த ஆயிலை இரண்டு கப்பில், எதிரெதிர் மூலையில் வையுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம் எவ்வளவோ, அதைவிடச் சிறிய வித்தியாசத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இது கசப்பாகத்தான் இருந்தது, ஏனென்றால் நான் ஆசையாகப் பேச நினைத்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டன.

பிப்ரவரி 10

ஆவியாகாத ஆயில் வேண்டும் என்றால் கிரீஸ் போடச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வண்டி ஸ்டார்ட் ஆன அன்று படம் போடட்டும்.

பிப்ரவரி 14

சரி, என் ஓவனில் என்ன தெரிந்தது? ஷீட்டில் 6, 7 என்று போட்ட ஆயிலும் 14 என்று போட்ட ஆயிலும் எப்போதும் தெளிவாகப் பிரிந்தன, இடம் மாற்றினாலும் பிரிந்தன. 10-க்கும் 12-க்கும் நடுவே ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஒரு நாள் இது முந்தும், இன்னொரு நாள் அது. எல்லா எண்ணும் ஷீட்டைவிடக் குறைவாகவே வந்தன, என் ஓவனில் உறிஞ்சும் காற்று இல்லை, அதனால் அதில் வியப்பில்லை. ஷீட்டைவிட அதிகமாக வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன், ஆயிலை இல்லை, என் சூட்டை.

கவனித்த இன்னொரு விஷயம், இழப்பு சீராக நடப்பதில்லை. தொடக்கத்தில் வேகமாக இறங்கும், போகப்போக மந்தமாகும். லேசான மூலக்கூறுகள் முதலில் கிளம்பிவிடுகின்றன, கனமானவை தங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் 10 சதவீதம் போனது என்றால் இரண்டு மணியில் 20 போகும் என்று பெருக்கக் கூடாது.

பிப்ரவரி 15

ஃபுல் சிந்தெடிக் என்றால் ஆவியாகாது என்று நம்புகிறவர்களுக்கு. டப்பாவில் எழுதியிருப்பதைவிடப் பேஸ் ஆயில் (சேர்மானங்கள் கலக்கும் முன் உள்ள அடிப்படை எண்ணெய்) எவ்வளவு மெல்லியது என்பதுதான் முதல் கேள்வி. 100 டிகிரியில் 4 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) உள்ள பிஏஓ என்ற செயற்கைப் பேஸ் ஆயிலுக்கே நோவாக் 12, 14 பக்கம் வரும். அதே குடும்பத்தில் 6 சென்டிஸ்டோக் என்றால் 6, 7-க்கு இறங்கிவிடும். கச்சா எண்ணெயிலிருந்து மிகவும் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 ஆயிலில் 4 சென்டிஸ்டோக் எடுத்தால் முதலில் சொன்ன பிஏஓவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், பெரிய தூரம் இல்லை. அதே கெட்டியில் பழைய வகை மினரல் ஆயில் எடுத்தால் 25-ஐத் தாண்டும்.

கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று 0டபிள்யூ கேட்டால் மெல்லிய பேஸ் ஆயில் சேர்த்தே ஆக வேண்டும், மெல்லியது சேர்த்தால் ஆவி கூடும். இந்த இழுபறியில்தான் ஆயில் தயாரிப்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது. 0டபிள்யூ-20 ஒன்றையும் 15டபிள்யூ-40 ஒன்றையும் கப்பில் ஊற்றி எது குறைந்தது என்று பார்த்துவிட்டு இது நல்ல ஆயில், அது கெட்ட ஆயில் என்பது நியாயமே இல்லை.

பிப்ரவரி 16

ஃப்ளாஷ் பாயிண்ட்டை ஷீட்டில் பார்த்தால் போதுமே, ஓவன் எதற்கு என்று கேட்டவருக்கு: பாதி சரி. ஃப்ளாஷ் பாயிண்ட் உயர்ந்தால் பெரும்பாலும் நோவாக் குறையும். ஆனால் ஃப்ளாஷ் பாயிண்ட்டைத் தீர்மானிப்பது ஆயிலில் இருக்கும் மிக லேசான சிறு பகுதி. கொஞ்சூண்டு லேசான சரக்கு கலந்திருந்தால் ஃப்ளாஷ் பாயிண்ட் சட்டென்று விழும், மொத்த எடை இழப்பு அவ்வளவு ஏறாது. ஷீட்டில் நோவாக் போடாமல் ஃப்ளாஷ் பாயிண்ட் மட்டும் போட்டிருந்தால் அதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 21

எடையைவிட எனக்கு இப்போது சுவாரசியமாக இருப்பது கப்பின் அடியில் தங்குவது. ஆறின பிறகு கப்பைச் சாய்த்துப் பார்க்கிறேன். சில ஆயில் நிறம் கறுத்தாலும் முன்போல ஓடுகிறது. சில ஆயில் தேங்கி நின்று, விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு வளையம் விட்டுப் போகிறது, விரல் நகத்தால் சுரண்டினாலும் அது எளிதில் வருவதில்லை. ஆயில் கப்பின் சுவரில் மெல்ல ஏறி, அங்கே படலமாகக் காய்ந்து போகிற இடம் அது. பிஸ்டனின் மேல் ரிங் பள்ளத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் 100 டிகிரியில் இருக்கும்போது அந்தப் பள்ளம் 200-ஐத் தாண்டி நிற்கும், அங்கே ஆயில் படலமாகத்தான் இருக்கிறது, குளமாக இல்லை.

அதனால்தான் "15 சதவீதம் என்றால் என் 4 லிட்டரில் 600 மில்லி காணாமல் போய்விடுமா" என்ற பயமும் தேவையில்லை. மொத்த 4 லிட்டரும் ஒரு மணி நேரம் 250-இல் உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு.

பிப்ரவரி 22

ஒன்று விட்டுப் போனது. ஆவியாகிப் போனதைப் பற்றி மட்டும் பேசுகிறோம், மிஞ்சுவது கெட்டியாகிறது. லேசானது போனால் கனமானது மிஞ்சும், கூடவே காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றமும் நடக்கும். ஆக்சிஜன் சேர்ந்தால் எடை கூடவும் வாய்ப்பு உண்டு, ஆகவே நம் தராசு காட்டும் இழப்பு இரண்டு வேலைகளின் கூட்டல் கழித்தல். ஆய்வகத்தில் ஒரு மணியில் நிறுத்துவதால் அது பெரிதாகத் தெரிவதில்லை. நாம் நேரத்தை இழுக்க இழுக்கத் தெரியும்.

பிப்ரவரி 23

வண்டி ஆயில் குடிக்கிறது, நோவாக் குறைந்த ஆயில் போட்டால் நிற்குமா? இந்தக் கேள்விதான் கடைசியில் எல்லோருக்கும் வேண்டியது போல. சில வண்டியில் கொஞ்சம் குறையும். ஆனால் முதலில் வேறு இடங்களைப் பாருங்கள். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் சீல். முடுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். இன்டேக் குழாயைக் கழற்றி விரலை விட்டால் எண்ணெய் வழிந்தால் பிசிவி வால்வ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது), டர்போ வண்டி என்றால் டர்போ சீலும் சந்தேகத்தில். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று எழுதும் கையேடுகளும் உண்டு, உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆயில் பிராண்டை மாற்றி மாற்றிப் பார்த்து, எதிலும் நிற்காமல், கடைசியில் வடிகால் போல்ட்டின் வாஷரில் கசிவு என்று கண்டுபிடித்தார். அது ஓட்டும்போது மட்டும் கசியும், நிறுத்துமிடத்தில் ஒரு சொட்டும் விழாது.

மார்ச் 2

ஓடிய ஆயிலைச் சோதிக்கலாமா? செய்யலாம், ஆனால் எதை அளக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயிலில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கும். நேராக 250-க்குக் கொண்டுபோனால் தண்ணீர் படபடவென்று வெடித்து ஆயிலைக் கப்புக்கு வெளியே தெறிக்கும், தெறித்ததையும் நீங்கள் ஆவி என்று எழுதிக்கொள்வீர்கள். முதலில் 110, 120-இல் சத்தம் அடங்கும்வரை மெதுவாக வைத்து எடை எடுத்து, அந்த எடையை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலில் ஒரு பங்கு அப்போதும் போகாமல் இருக்கும். ஆகவே ஓடிய ஆயிலில் அதிக இழப்பு வந்தால் ஆயிலின் குற்றம் என்று சொல்ல வழியில்லை.

மார்ச் 3

பிப்ரவரி 3-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். ஃப்ளாஷ் பாயிண்ட்டைத் தாண்டி வீட்டில் எதற்கு வேலை செய்ய வேண்டும், 200-இல் நிறுத்தி நேரத்தை நீட்டினால் என்ன என்ற எண்ணம் சில நாளாக ஓடுகிறது. கணக்குப்படி 200-இல் ஆவியாகும் வேகம் 250-இல் இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரு மணிக்குப் பதில் பத்து மணி. பயம் குறைகிறது, நாற்றமும் குறைகிறது.

சிக்கல், அந்தப் பத்து மணியும் ஆயில் காற்றோடு பழகிக்கொண்டிருக்கும், பிப்ரவரி 22-இல் எழுதிய ஆக்சிஜனேற்றம் இப்போது பெரிதாக வந்து நிற்கும். ஆண்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மானம்) நன்றாகப் போட்ட ஆயில் இதில் நல்ல பெயர் வாங்கும், ஆவி விஷயத்தில் அது சாதாரணமாக இருந்தாலும். அப்புறம் பத்து மணி நேரம் பக்கத்திலேயே உட்கார ஆள் வேண்டும், ஓவனைப் போட்டுவிட்டு எழுந்து போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டில் எதைச் செய்வது என்று கேட்டால், இன்றைக்கு என் மனசு 200 பக்கம்தான். பாதியாக நான்கைந்து மணி வைத்து வரிசை மட்டும் பார்த்தால் போதும்.

மார்ச் 8

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஆரம்பகாலக் கருவிகளில் கிண்ணத்தைச் சுற்றி வுட்ஸ் மெட்டல் என்ற கலவையை உருக்கி ஊற்றுவார்கள், சூடு சீராகப் போக. பிஸ்மத், ஈயம், தகரம், காட்மியம் சேர்ந்தது, 70 டிகிரியிலேயே உருகும். ஈயமும் காட்மியமும் 250 டிகிரியில் மனிதர் பக்கத்தில் இருப்பது நல்லதில்லை என்று பிறகு வேறு வகைக் கருவிகள் வந்தன. அதில் டெட் செல்பி வடிவமைத்த கருவி கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துத் தருகிறது. பிடித்த சரக்கைச் சோதித்தால் பேஸ் ஆயில் மட்டுமா போனது, சேர்மானத்தில் இருக்கும் பாஸ்பரஸும் கூடப் போனதா என்று தெரியும். வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பது அந்தப் பாஸ்பரஸ்தான். ஜிஎஃப்-5-இல் பாஸ்பரஸ் 79 சதவீதமாவது ஆயிலிலேயே தங்க வேண்டும் என்று விதி வைத்தது இதனால்தான்.

என் ஓவனில் பிடித்த ஆவி எல்லாம் கதவுக் கண்ணாடியில் பழுப்புப் பிசுக்காக இருக்கிறது. அதை யாரும் சோதிக்க வேண்டாம்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் தெரிந்த ஆயிலையும் கூட வைத்து, எடை போட்டு, கப்புகளை இடம் மாற்றிச் செய்து எண்களை அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். இரண்டு கம்பெனி ஆயிலுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், ஒரே ஆயிலின் இரண்டு கப்புகளுக்கு நடுவே வந்ததைவிடக் குறைவு. இதில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள்.

மார்ச் 9, மாலை

ஷீட்டில் நோவாக் எண்ணைத் தேடுகிறவர்கள் அதன் கீழே இருக்கும் தேதியையும் பாருங்கள். டப்பா அப்படியே இருக்கும், பெயர் அப்படியே இருக்கும், உள்ளே பேஸ் ஆயில் மாறியிருக்கலாம். "வழக்கமான மதிப்பு" என்று போட்டிருந்தால் அது உத்தரவாதம் இல்லை, ஒவ்வொரு தொகுப்புக்கும் கொஞ்சம் நகரும். வரம்புக்குள் இருக்கிறது என்பது மட்டும்தான் அந்தத் தரச் சான்று உங்களுக்குச் சொல்வது.